முன்வண்டியின் முறை

பிளாட் ஆற்றில் வந்து கலக்கும் அந்தச் சின்ன ஓடைக்கரைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மொத்தம் பதினோரு கூண்டு வண்டிகள். மிசௌரியை விட்டு மேற்கே ஒரிகானுக்குக் கிளம்பி ஆறு வாரம் ஆகியிருந்தது. ஆண்கள் மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். பெண்கள் காட்டெருமைச் சாணி பொறுக்கி வந்து அடுப்பு மூட்டினோம். வழக்கம்போல யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். ஓடைத் தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது, எல்லோரும் வயிறு முட்டக் குடித்தோம்.

எங்கள் கூட்டத்தில் இருந்த ஒரு வழக்கத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் உங்களுக்கு விளங்காது. இன்றைக்கு முன்னால் போகும் வண்டி நாளைக்குக் கடைசிக்குப் போய்விடும். இரண்டாவது வண்டி முன்னால் வரும். காரணம் தூசி. நாற்பது மாடுகள் கிளப்பிவிடும் தூசிக்குள் பன்னிரண்டு மணி நேரம் நடந்து பார்த்தால்தான் அந்தக் கொடுமை தெரியும். கண் இமை ஒட்டிக்கொள்ளும், ரொட்டி கடித்தால் பல் கூசும், துப்பினால் சேறு வரும். பதினோரு நாளைக்கு ஒருமுறை வருகிற அந்த முன்வண்டி நாளுக்காகத்தான் நாங்கள் எல்லோரும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தோம். விடியற்காலையில் கொம்பு ஊதும்போது முன்வண்டி பூட்டித் தயாராக இல்லை என்றால் முறை போயிற்று. அதற்காக அடிதடியே நடந்திருக்கிறது.

அந்த ஓடைக்கரையில் ஏமோஸ் டாலிவருக்கு வாந்திபேதி கண்டது. சாயங்காலம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த மனிதன் விடிவதற்குள் செத்துப்போனான். நரி தோண்டாமல் இருக்க, வண்டித் தடத்தின் நடுவிலேயே குழி வெட்டிப் புதைத்து, அதன்மேல் மாடுகளை ஓட்டித் தடம் தெரியாமல் மிதிக்கவைத்தோம். அப்படித்தான் செய்வோம். ஏமோஸின் மனைவி லவினியா அழக்கூட இல்லை. வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அப்படியே குனிந்து வாந்தி எடுத்தாள்.

அன்றைக்கு முன்வண்டி முறை டாலிவர் வண்டிக்கு.

லவினியாவுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். பிள்ளை இல்லை. என் மகள் ஹெட்டிக்கு ஆறு வயது. பகலெல்லாம் அவள் லவினியாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். அத்தை, அத்தை என்று வாய் ஓயாது. நான் வண்டிக்குள் எட்டிப் பார்த்தபோது லவினியாவின் உதடு நீலமாக இருந்தது.

"தபீத்தாக்கா, ஒரே ஒரு நாள் நிக்கச் சொல்லுங்க," என்றாள். "நாளைக்கு நானே எழுந்து ஓட்டிடுவேன். இன்னிக்கு எங்க முறைக்கா. அதை மட்டும் எடுத்துடாதீங்க."

சாகக் கிடக்கிறவள் முறையைப் பற்றிப் பேசுகிறாளே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் மனதில் அப்போது ஹெட்டியைத் தவிர வேறு எதுவும் இல்லை. அவள் நேற்று முழுக்க லவினியாவின் கோப்பையில்தான் தண்ணீர் குடித்தாள்.

கேப்டன் ஹாஸ்கல் ஆண்களைக் கூட்டி ஓட்டு எடுத்தார். அவரை விட்டால் ஒன்பது பேர். நிற்கலாம் என்று நான்கு கை. போகலாம் என்று நான்கு கை. என் வீட்டுக்காரர் ஆரின் மட்டும் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றார். நல்ல மனிதர், யாரையும் நோகடிக்கத் தெரியாதவர். நான் பின்னால் போய் நின்று அவர் முதுகைக் கிள்ளினேன்.

"போகலாம்னு சொல்லுங்க. நம்ம பிள்ளையைப் பாருங்க."

அவர் கையைத் தூக்கினார்.

லவினியாவின் வண்டியை அங்கேயே விட்டோம். மாடுகள் போதாமல் தவித்த ஹாஸ்கல் அவளுடைய மூன்று ஜோடி மாடுகளையும் அவிழ்த்துப் பங்கு போட்டார். ஒரு ஜோடி எங்களுக்கு வந்தது, நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் போகும்வரை கூட இருந்து புதைத்துவிட்டு வரச் சொல்லி, ஹாஸ்கலிடம் வேலை பார்த்த ஜட் என்பவனை ஒரு பீப்பாய் தண்ணீரோடும் மண்வெட்டியோடும் விட்டுவிட்டு வந்தோம். நாங்கள் நகர்ந்தபோது அவள் வண்டிக் கூண்டின் கித்தானை விலக்கிப் பார்த்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை என்று இத்தனை வருடமும் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். பார்த்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நின்ற கொஞ்ச நேரத்திலேயே ஜட் குதிரையில் வந்து சேர்ந்துவிட்டான்.

"முடிஞ்சுதா?" என்று ஹாஸ்கல் கேட்டார்.

"முடிஞ்சுது."

அந்த ஓடைக்கரை மண் களிமண். தொட்டால் இரண்டு நாளைக்குப் போகாது. அவன் சேணத்தில் கட்டியிருந்த மண்வெட்டியில் ஒரு பொட்டு மண் இல்லை. அத்தனை பேரும் அதைப் பார்த்தோம். பிறகு மாடுகளைப் பூட்டப் போனோம்.

மறுநாள் காலையில் எங்களுக்கு முன்னால் தூசி தெரிந்தது.

அரை மைல் இருக்கும். ஒற்றை வண்டி கிளப்புகிற அளவுக்குத் தூசி. வேறு ஏதோ கூட்டத்தில் பிந்திப்போன வண்டி என்று நினைத்தோம். நாங்கள் நின்றால் அதுவும் நின்றது. நாங்கள் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. முன்வண்டியில் போன குடும்பத்தார் சாயங்காலம் இறங்கியபோது தலைமுதல் கால்வரை சாம்பல் பூசினதுபோல இருந்தார்கள்.

"இப்படி முன்னாடி போறதுக்கு நாங்க கடைசியிலேயே வந்திருக்கலாம்," என்று அந்த வீட்டு அம்மா முக்காட்டை உதறினாள். சிரிக்கத்தான் சொன்னாள். எல்லோரும் மேற்கே பார்த்தோம்.

இரண்டாம் நாள் ஹாஸ்கல் குதிரையைத் தட்டிவிட்டுக்கொண்டு அந்தத் தூசியைப் பிடிக்கப் போனார். ஒரு மணி நேரம் நாலுகால் பாய்ச்சலில் ஓட்டியும் அது அரை மைலுக்கு அப்பால்தான் இருந்ததாம். வழியில் சக்கரத் தடம் இல்லை. மாட்டுச் சாணி இல்லை. திரும்பி வந்தவர் குதிரையைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தார்.

"எவனோ போறான், நமக்கென்ன," என்றார். 

அதற்குப் பிறகு எங்களுக்கு நிம்மதி என்பதே இல்லாமல் போயிற்று. உட்கார்ந்தவர்கள் எழுந்துவிடுவார்கள், எழுந்தவர்களுக்கு எங்கே போவது என்று தெரியாது. முன்னால் பூட்டிய மாடுகள் காலையில் அடித்தாலும் அசையாது. தூரத்தில் தூசி எழும்பி நகர ஆரம்பித்த பிறகுதான் தாமாகக் காலெடுத்து வைக்கும். முன்னால் போகிறவர்களுக்கு வழிவிடுவதுபோல. நான் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே இருந்தேன். எங்கள் முறை ஆறாம் நாள்.

ஐந்தாம் நாள் பகலில் ஹெட்டியைக் காணவில்லை.

சக்கரத்துக்குப் பக்கத்தில்தான் நடந்துகொண்டிருந்தாள். நான் பீப்பாயில் தண்ணீர் மொள்ளத் திரும்பிய நேரம்தான். பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு வண்டி வண்டியாக ஓடினேன். முன்வண்டிக்காரர் சாட்டையால் சுட்டிக் காட்டினார்.

அந்தத் தூசிக்குள் ஒரு சின்ன உருவம் நடந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு கையை மேலே தூக்கியபடி, பெரியவர்கள் கையைப் பிடித்து நடக்கிற குழந்தைகள் தூக்குவார்களே, அப்படி.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. அவளை வாரி எடுத்தபோது அவள் கை பனிக்கட்டியாக இருந்தது. காலையில் நான் அவிழ்த்துவிட்டிருந்த அவள் தலைமுடி இப்போது இறுக்கமாகப் பின்னியிருந்தது.

"யாருடி பின்னிவிட்டது?"

"அத்தை."

"எந்த அத்தை?"

"நம்ம அத்தைதாம்மா. முன்னாடிதான் போறாங்க, தூசியே இல்லாத இடத்துல. நாளைக்கு உங்க வண்டி பக்கத்துல வரும்ல, அப்ப வந்து என்னோட ஏறிக்கோன்னு சொன்னாங்க."

அந்தப் பின்னலை என்னால் அவிழ்க்க முடியவில்லை. கத்திரிக்கோலால் வெட்டி எடுத்தேன். வெட்டிய இடத்திலிருந்து மண் கொட்டியது.

நேராக ஜட்டிடம் போனேன். அவன் ஒரு சேணத்தைத் தைத்துக்கொண்டிருந்தான். சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "அவ எப்படிச் செத்தா? சொல்லுடா."

 அவன் அழ ஆரம்பித்துவிட்டான்.

"சாகலக்கா. நீங்க போய் ஒரு மணி நேரத்துல வாந்தி நின்னுடுச்சு. எழுந்து உக்காந்து காப்பி கேட்டுச்சு. மாட்டைப் பூட்டு, இன்னிக்கு எங்க முறை, சாயங்காலத்துக்குள்ள பிடிச்சிடலாம்னு சொல்லுச்சு. மாடு எங்கக்கா இருக்கு? அதுகிட்ட எப்படிச் சொல்றது? நானும் அங்கேயே நின்னுட்டா என்னையும் விட்டுட்டுப் போயிடுவீங்களேன்னு பயந்துட்டேன். காப்பி போட்டு வரேன்னு சொல்லிட்டு குதிரைல ஏறிட்டேன்."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பிழைத்துவிட்டாள். ஒரே ஒரு நாள் நின்றிருந்தால் போதும். அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

ஹாஸ்கலிடம் போய் நின்றேன். "கேப்டன், நாளைக்கு ஒரு நாள் இங்கேயே நிப்போம். அவ கேட்ட நாளைக் குடுத்துடுவோம். முன்னிடத்தைக் காலியா விட்டு நிப்போம்."

"ஏம்மா, உனக்கு மூளை கலங்கிடுச்சா? ஜூலை பொறந்தாச்சு. மலைல பனி விழுறதுக்குள்ள தாண்டலேன்னா ஒருத்தரும் மிஞ்ச மாட்டோம்."

"கேப்டன், என் பிள்ளையைக் கூப்பிடுறா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அன்னிக்கு முதுகைக் கிள்ளினது யாரு? நான் பார்க்கலேன்னு நினைச்சியா? அப்ப அவசரம், இப்ப நிக்கணுமாக்கும்."



மறுநாள் கொம்பு ஊதியபோது எங்கள் வண்டி பூட்டாமல் நின்றது. பெண்கள் திட்டினார்கள். ஹாஸ்கல் அடுத்த வண்டிக்குக் கைகாட்டினார். ஒன்பது வண்டிகளும் எங்களைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் போன ஜட் மட்டும் தொப்பியைக் கழற்றினான்.

"கூட்டத்தை விட்டுத் தனியா நின்னா என்ன ஆகும்னு தெரியும்ல?" என்றார் ஆரின். 

"தெரியும். நீங்க வேணா போங்க."

"பைத்தியக்காரி," என்று சொல்லிவிட்டு அவர் சக்கரத்துக்குக் கீழே கல்லை முட்டுக்கொடுத்தார். அன்றைக்கு அவர் என்னை விட்டுப் போயிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

லவினியாவின் ஜோடி மாடுகளை அவிழ்த்து, அவளை விட்டுவந்த கிழக்குப் பக்கம் விரட்டிவிட்டோம். ஹெட்டியின் இடுப்பில் ஒரு கயிறு கட்டி, மறுமுனையை என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். பிறகு உட்கார்ந்தோம். உட்கார முடியவில்லை, எழுந்தோம். மறுபடி உட்கார்ந்தோம். மொட்டை வெயில். காற்று என்பதே இல்லை. புல் ஒன்றுகூட ஆடவில்லை.

உச்சி தாண்டியதும், மேற்கேயிருந்து இல்லை, கிழக்கிலிருந்து சத்தம் வந்தது.

எண்ணெய் காணாத அச்சு கிறீச்சிடும் சத்தம். மாட்டுக் குளம்புச் சத்தம். கண்ணுக்கெட்டியவரை வெறும் சமவெளி, அதில் ஒரு பூச்சிகூட இல்லை.

சத்தம் நெருங்கியது.

வாந்திபேதிக்குத் தடவும் கற்பூரமும் புளித்த வாந்தியும் கலந்த நாற்றம் மூக்கில் ஏறியது. எங்கள் மாடுகள் தலையைக் குனிந்துகொண்டன.

எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

ஹெட்டி எழுந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. ஒரு காலைத் தூக்கி, காற்றில் எதன்மேலோ வைத்தாள்.

வைத்த கால் அங்கேயே நின்றது.

கயிறு விறைத்தது. என்னைத் தரையோடு இழுத்துக்கொண்டு போனது. ஆரின் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார், அவரும் சேர்ந்து இழுபட்டார்.

"லவினியா!" என்று கத்தினேன். "அவர் இல்லடி, நான்தான். கையைத் தூக்கச் சொன்னது நான்தான். பயந்துட்டேன். என் பிள்ளை, என் பிள்ளைன்னுதான் நினைச்சேன், உன்னை நினைக்கவே இல்லை. உன் மாட்டையும் எடுத்துக்கிட்டேன். நீ பிழைச்சது எனக்குத் தெரியாதுடி. உன் நாளைத் தந்துட்டேன், நல்லாப் பாரு, நின்னுதான் இருக்கோம். நீ முன்னாடி போ. என் பிள்ளையை மட்டும் விட்டுடு, உனக்குக் கோடிப் புண்ணியம்."

நீண்ட நேரம் ஒன்றும் நடக்கவில்லை. யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது, களைத்துப்போனவர்கள் விடுவதுபோல.

கயிறு தொய்ந்தது. ஹெட்டி பொத்தென்று என் மடியில் விழுந்து வீறிட்டு அழுதாள். எங்கள் கண்முன்னாலேயே புல் இரண்டு கோடாக மடங்கிக்கொண்டே மேற்குப் பக்கம் போயிற்று. கூட்டம் போன தடத்தின்மேல்.

நான் அப்பாடா என்று மூச்சு விட்டேன். அவள் யார் பின்னால் போகிறாள் என்று அப்போது யோசிக்கவே இல்லை.

அடுத்த நாள் காலையில் மிச்சம் இருந்த இரண்டு ஜோடி மாடுகளைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். ஒன்பது வண்டிகளின் தடம் நன்றாகத் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலே பத்தாவதாக ஒரு தடம். மூன்றாம் நாள் ஒரு வெள்ளை உப்புத் தரைக்கு வந்தோம். அதன் பாதிவரை பத்துத் தடமும் நேராகப் போயின. அங்கே நின்றுவிட்டன. இந்தப் பக்கம் திரும்பவில்லை, அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒரு எலும்பு, ஒரு ஆணி, எரிந்த சாணி எதுவும் இல்லை. ஆரின் அந்த இடத்தில் மண்டியிட்டுத் தரையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவரை இழுத்துக்கொண்டு வந்தேன்.

அதற்கு மேற்கே வழியில் இருந்த ராணுவக் கோட்டையில் போகிற வருகிற வண்டிகளின் பெயரை எழுதிக்கொள்ள ஒரு சிப்பாய் உட்கார்ந்திருந்தான். ஹாஸ்கல் கூட்டம் வந்ததா என்று கேட்டோம். அப்படி யாரும் வரவில்லை என்றான்.

"நீங்க ஒரே ஒரு வண்டிதானே?" என்றான். "முந்தாநாள் ஒரு பொம்பள தனியா ஓட்டிக்கிட்டு வந்துச்சு. பின்னாடி ஒத்தை வண்டில ஒரு குடும்பம் வரும், சின்னப் பொண்ணு இருக்கும்னு சொல்லுச்சு. நீங்கதானா?"

நான் தலையசைத்தேன்.

"ஒரு சேதி சொல்லச் சொல்லுச்சு. தன் முறை முடிஞ்சுதாம், இனிமே நீங்கதான் முன்னாடி போகணுமாம். அது எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் பின்னாடி வருதாம்."

மறுநாள் நாங்கள் கோட்டையை விட்டுக் கிளம்பியபோது முன்னால் வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. ஒரு துளி தூசி இல்லை. ஹெட்டி கைதட்டினாள். நான்தான் முட்டாள்தனமாகத் திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் அரை மைலில் தூசி வந்துகொண்டிருந்தது. ஒற்றை வண்டியின் தூசி இல்லை அது. பத்து வண்டி.

அது எங்களை நெருங்கவில்லை, விடவும் இல்லை. ஒரிகானுக்கு வந்து வீடு கட்டினோம். கோதுமை முளைத்தது. அடுத்த கோடையில் கிழக்கு வேலிக்கு அப்பால் தூசி தெரிந்தது, நாளுக்கு நாள் கிட்டே வந்தது. அது நெருங்க நெருங்க ஹெட்டி சாப்பிட மாட்டாள், தூங்க மாட்டாள், வாசலில் போய் நின்றுகொள்வாள். நாங்கள் வண்டியைப் பூட்டி மேற்கே போனோம். அவள் தேறினாள். பதினோரு வருடத்தில் ஒன்பது வீடு. அக்கம்பக்கத்தில் எங்களை ஓடுகாலிக் குடும்பம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், என் பிள்ளை உயிரோடு இருக்கிறாள்.

இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. இங்கே வருடம் முழுக்க மழை, தரை காய்வதே இல்லை. இங்கே தூசி எழும்ப வழியில்லை என்று ஆரின்தான் இடம் பார்த்தார். இந்த வாரம் முழுவதும் விடாமல் கொட்டித் தீர்க்கிறது. இன்று காலை நான் கதவைத் திறந்தேன். கிழக்கே சேற்றுப் பாதையின்மேல், அந்தக் கொட்டுகிற மழைக்குள், தூசி எழும்பி நிற்கிறது. கால் மைல்கூட இருக்காது.

ஹெட்டி வாசலில்தான் நிற்கிறாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. ஆரின் நுகத்தை எடுக்கக் கொட்டகைக்குப் போயிருக்கிறார். வீட்டுக்கு மேற்கே முந்நூறு அடி போனால் கடல். எங்கே போகப் போகிறோம் என்று நான் அவரைக் கேட்கவில்லை.